மடிப்பில் ஒரு ஊர்

மேற்குக் கடலில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுப் புறப்படுவது, கிழக்குக் கடலில் முன்சக்கரத்தை நனைத்துவிட்டு நிறுத்துவது. திட்டம் இவ்வளவுதான். நடுவே ஒரு நாடே கிடந்தது. சரக்கு ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துச் சரளை கொட்டி, சைக்கிள்காரர்களுக்கென்று விட்டிருந்த பழைய பாதை அந்த இரண்டு கடல்களையும் இணைத்தது.

ஓட்டுநருக்கு அது நெடுநாள் ஆசை. வேலையில் இருந்த காலமெல்லாம் நகரப் பேருந்தைச் சந்தைக்கும் மருத்துவமனைக்குமாக ஓட்டி, செக்குமாடு போலச் சுற்றியவர். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுவார்கள், எனக்கு அந்தப் புண்ணியமும் இல்லை என்பார். ஓய்வு பெற்றதும் ஒரே போக்காகப் போக வேண்டும், வந்த வழியே திரும்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்புகாலில் ரயில் ஏறிவிடலாம் என்பது மனைவி சேர்த்த திருத்தம். அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பாள். சில வருஷங்களாக வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான் என்பதால் காலில் வலு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வரைபடத்தை விரித்தார்கள். என்றோ வாங்கியது. எடுத்து எடுத்துப் பார்த்து மடிப்புகளெல்லாம் நூல் நூலாக வெளுத்துக் கிடந்தன. எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் நிரப்புவது, மலையைக் காலையில் ஏறுவதா மாலையிலா என்று பேச்சு ஓடியது. ஓட்டுநர் தலையைக் காக்கை போலச் சாய்த்து வைத்துக்கொண்டு மேற்குக் கரையிலிருந்து விரலை நகர்த்தினார்.

"இங்க பாரு, மலை தாண்டினதும் ஒரே நேர்கோடு. ஒரு வளைவு கிடையாது. இந்த அழகு தெரியாமத்தான் ஊர்ல பாதிப் பேரு பஸ்ல போறான்."

அவள் பார்த்தாள். பாதை பச்சை நிறத்தில் மெல்லிய கோடாக மலைக்கு வடக்கே வளைந்து, ஆற்றோடு சேர்ந்து பாம்பாக நெளிந்துகொண்டிருந்தது. அவர் விரல் அதன்மீது இல்லை. காகிதம் மடிந்து வெளுத்த கோட்டின்மீது போய்க்கொண்டிருந்தது. மடிப்புக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விரல் நடுவில் வந்து நின்றது. குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் சந்தித்துக் கிழிந்து ஓட்டையான இடம்.

"பெரிய ஊரு போல, வட்டமாப் போட்டிருக்கான். ராத்திரி இங்க தங்கிடலாம். பேரென்ன, படி. எழுத்து பொடிசா இருக்கு."

படிக்க வேண்டிய இடத்தில் மேசைப் பலகை தெரிந்தது.

போன மாதம் அவர் தனியாகக் கண் மருத்துவரிடம் போய்வந்து, கண்ணாடி நம்பர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் வரைபடம் மூடிக்கொள்ளும். அதோடு இந்த மனிதர் காத்திருந்ததும் மூடிக்கொள்ளும். சொல்லாவிட்டால் அவர் ஏதோ ஒரு வளைவில் நேராகப் போய் ஆற்றில் இறங்குவார். இரண்டுக்கும் நடுவில் வாய் முந்திக்கொண்டது. ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கேள்விப்பட்டதே இல்லையே" என்றார், சந்தோஷமாக.

மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சைக்கிள் கடைக்குப் போய், டயர் பார்த்த கையோடு அந்த ஊரில் நல்ல விடுதி உண்டா என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர் அந்தப் பாதையில் இரண்டு முறை போய்வந்தவர். போனிலும் தேடிப் பார்த்துவிட்டு, என்ன சார், போகாத ஊருக்கு வழி கேட்பார்கள், நீங்கள் இல்லாத ஊருக்கே ரூம் போடுகிறீர்களே என்று சிரித்திருக்கிறார்.

இதையெல்லாம் அவள் சீருடையைக் கூட மாற்றாமல் நிற்கையில் ஓட்டுநர் சொன்னார். வரைபடம் மேசைமேல் விரிந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் சுட்டுவிரல் நுனியை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்திருந்தார்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்து நீங்க சொன்னீங்களே, நம்பர் ஏறியிருக்குன்னு. அதே கணக்குதான்."

குழாயில் நீர் சொட்டியது. அவள் போய் அதை இறுக்கிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நேராப் பார்த்தா உன் மூஞ்சி தெரியல. நடுவுல அழிச்ச மாதிரி இருக்கு. ஓரமாப் பார்த்தாத்தான் நீ இருக்க. இனிமே தேறாதுன்னு சொல்லிட்டாரு."

"அதானா. ரெண்டு மாசமா என்னைக் கண்டாலே பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. ஸ்டியரிங் பிடித்த கையால் ஒருவரையும் இடித்ததில்லை, இப்போது தன்னையே நம்ப முடியவில்லை என்றார். போவதா வேண்டாமா என்று அவள் வாயாலேயே சொல்லிவிடட்டும், அதற்குமேல் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றார். அவள் வரைபடத்தை மடித்தாள், பழைய மடிப்பில் விழாமல் வேறு மாதிரியாக.

அடுத்த விடுமுறை நாளில் அவரைக் கடைக்குக் கூட்டிப்போனாள். பூங்காவில் காதல் ஜோடிகளுக்கு வாடகைக்கு விட்டுச் சலித்துப்போய் மூலையில் சாத்தியிருந்த, இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிளைக் கடைக்காரர் வெளியே உருட்டினார். ஓட்டுநர் பழக்கத்தில் முன் இருக்கையைத் தொட்டார். தொட்ட கையை எடுக்க நேரம் பிடித்தது. பிறகு சங்கிலியைத் தடவிக்கொண்டே பின்னால் போனார்.

"பின்னால உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்தும்" என்றார்.

"உங்க பஸ்ல எத்தனை வருஷம் பின்னால உட்கார்ந்து வந்தேன். எனக்குச் சுத்தலையா?"

ஊருக்கு வெளியே பழைய ரயில் பாதை தொடங்கும் இடத்தில் ஏறினார்கள். சற்று தூரம் போனதும் அவள் காலடியில் மிதி இறுகி நின்றது. மறுபடி மிதித்தாள், மறுபடி நின்றது. இரண்டு மிதிகளும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை. பின்னால் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பஸ் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"பிரேக் என் கையில இருக்கு" என்றாள், திரும்பாமல். "நீங்க மிதிங்க."

மெல்ல, ஒரு பாரம் கழன்றதுபோல, மிதி இளகியது. இருபுறமும் முள்வேலி ஓடியது. சரளை நெறுநெறுத்தது.

"நேராத்தான போகுது?" என்று கேட்டார்.

அவள் முன்னால் பார்த்தாள். பாலத்தை ஒட்டிப் பாதை திரும்பிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. இடது பக்கம் வளையுது."

"வளையறதுக்கு முன்னாடியே சொல்லிடு. திடீர்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கும்."

அவர் வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதேயில்லை.

"இதோ, இப்ப" என்றாள். இருவரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள்.