மறைத்தவளும் தெரிந்தவனும்

ஆராதனை முடிந்ததும் சபையின் பக்கத்து ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மாதம் ஒருமுறை நடக்கிற கூட்டம். உடம்பு, மனசு, எது சரி எது தப்பு என்று யாராவது வந்து பேசுவார்கள். அன்று பேச வந்தவர் அதே சபையைச் சேர்ந்த டாக்டரம்மா. நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்பதுதான் பேச்சு.

அதைக் கேட்டதுமே அக்காவுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் தம்பி டீயும் கையுமாக உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றுகிறவன் குடியிருப்பது தரைத்தளத்தில் என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். இருவருக்கும் கல்யாணம் கூடி வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு ஒருவருக்கொருவர்தான்.

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில், தம்பியின் கல்லீரலில் இருப்பது குணமாகாத கட்டி என்று பெரிய டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். அவள் அவனிடம், "வெறும் வீக்கம்டா, மாத்திரையில கரைஞ்சிடும்" என்றாள். அன்றிலிருந்து எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. கடையில் ஆட்கள் வாயசைப்பார்கள்; சொன்னது கொஞ்சம் கழித்துத்தான் அவள் காதுக்கு வந்து சேரும்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் நீலமும் சிவப்புமாகத் தரையில் கிடந்தது. மேகம் போகப் போக நிறங்கள் மங்கி, மறுபடி துலங்கின. "நோய் அவங்களோடது. அதைப் பத்தின சேதியும் அவங்களோடதுதான்" என்ற டாக்டரம்மாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அக்காவுக்குக் கண் செருகியது. அரைக்கால் சட்டையோடு சின்னப் பையனாகத் தம்பி அந்த நீலத்தின்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தான். கூப்பிட வாய் வரவில்லை.

"ஒரு சந்தேகம், டாக்டரம்மா."

விழித்தாள். நிஜத் தம்பி எழுந்து நின்றிருந்தான்.

"வீட்டுல ஒருத்தங்க மறைக்கிறாங்க. இன்னொருத்தன் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கிறான். இதுல யாரு செய்றது தப்பு?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு இருக்கட்டும் தம்பி. ரெண்டு பேருக்கும் ரொம்பக் களைப்பா இருக்குமே."

"ஆமாம்மா" என்று உட்கார்ந்தான். "ரொம்ப."

அக்கா வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"எப்படிடா தெரிஞ்சுது?"

"நீ என்னைத் திட்டுறதையே விட்டுட்டியே. ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டேன், ஒரு வார்த்தை சொல்லலை. அப்பவே என் கதை முடிஞ்சுதுன்னு புரிஞ்சுகிட்டேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. "படுபாவி, சொல்லியிருக்கலாமேடா."

"நீ அழுவே. அதான் பயம். சாவுகூட பரவாயில்லைக்கா. வலியைத்தான் நினைச்சா உதறுது."

அதை அவன் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். அவன் அவள் தோளைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். வலிக்கு மட்டும் மருந்து போதும் என்றான் தம்பி. இன்னொரு டாக்டரிடமும் கேட்டே ஆகணும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் திருப்திக்காகப் போனான். அவரும் இது குணமாகாது என்றுதான் சொன்னார். தன்னால் பேச முடியாமல் போனால் தனக்காக அக்கா முடிவு சொல்லட்டும் என்று அவரிடமே சொல்லிவைத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். அவளும் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது, இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியாக நின்றிருந்தது. வெளியே அவர்கள் பார்த்தேயிராத மைதானம்; உயரமான புல் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது.

"எங்கடா இருக்கோம்?"

"தெரியலைக்கா" என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோமே."

இறங்கி, புல்லுக்குள் நடந்தார்கள்.