சுகமாக வந்த நோயாளி

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் நோயாளியைப் போலத் தெரிந்துவிடக் கூடாது என்று உறுதி பூண்டிருந்தார் அந்த லிஃப்ட் மெக்கானிக். காலை ஆறு மணிக்கே எழுந்து முகச்சவரம் செய்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து மாட்டினார். காலணிக்கு மெருகேற்றினார். கடைசியாக, கை நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு மாத்திரைகளை விழுங்கினார். எந்த மாத்திரைகளிலிருந்து விடுபடுவதற்காக அன்று கிளம்பினாரோ, அதே மாத்திரைகள்.

மூன்றாண்டுகளுக்கு முன் லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்து முதுகெலும்பில் அறுவை நடந்தது. வலிக்கு அபின் குடும்பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். புண் ஆறிற்று; மாத்திரை போகவில்லை. முதலில் வலிக்காக விழுங்கினார். பிறகு வலி வந்துவிடுமோ என்ற பயத்துக்காக விழுங்கினார். கடைசியில் படுக்கையை விட்டு எழுந்து நிற்பதற்கே விழுங்கவேண்டியதாயிற்று. ஒருநாள் வேலையில் லிஃப்ட் பிரேக்கைத் திருகும்போது கை ஆடியது. யாரும் கேட்கும் முன்பே கருவிப் பையை அலுவலக மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலொடிந்து வருகிறவனிடம் எவரும் ஒழுக்கச் சான்று கேட்பதில்லை. மாத்திரையில் சிக்கியவன் வந்தால் மட்டும் துடைப்பக்காரர் முதல் மேலாளர் வரை எல்லோரும் நீதிபதிகள் ஆகிவிடுகிறார்கள்! சென்ற ஆண்டு போன போதை மீட்பு விடுதியில் அதுதான் நடந்தது. மன உறுதி இல்லாதவர் என்று நாள்தோறும் சொற்பொழிவு. வெளிப்பக்கம் பூட்டிய அறை. "நேத்து ஒண்ணு போட்டுட்டேன்" என்று அவர் உண்மை சொன்ன அன்று அவருடைய பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார்கள். உண்மை பேசினால் கதவு சாத்தப்படும் என்ற பாடம் ஒன்றைத்தான் அங்கே அவர் ஒழுங்காகப் படித்தார்.

இந்தப் புது மருத்துவமனையைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவருடைய அக்கா. நகரப் பேருந்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்துநர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தம்பியை அழைத்து வந்திருந்தார்.

"இதுவும் இல்லன்னா எனக்கு வேற வழி தெரியாதுடா, திருகாணி" என்றார் லிஃப்டுக்குள். ஒன்பது வயதில் வீட்டுக் கடிகாரம், வானொலி, தையல் இயந்திரம் எதையும் விடாமல் கழற்றிப் பார்த்ததால் வந்த பட்டப்பெயர் அது.

நான்காம் மாடியில் லிஃப்ட் தளத்துக்கு இரண்டு விரல் மேலே நின்றது. இறங்கிய அக்காவின் கால் சற்று இடறியது. அவர் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார். எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நட."

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கடுமையான சளி, கையில் கைக்குட்டை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல யாருங்க பேஷன்ட்?"

மெக்கானிக்குக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

"இந்தப் புதுமாப்பிள்ளைதாங்க, என் தம்பி" என்றார் அக்கா.

"கடைசியா எப்ப மாத்திரை எடுத்தீங்க?"

"நேத்து மத்தியானம், டாக்டர்." கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பதில். பிசிறில்லாமல் வந்தது.

மருத்துவர் நாடியைப் பிடித்தார். சிறு விளக்கை அடித்துக் கண்மணியைப் பார்த்தார். ஓரத்தில் மதிப்பெண் கட்டங்களோடு பதினொரு வரிகள் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வியர்க்கிறதா, கொட்டாவி வருகிறதா, மயிர்க்கூச்செறிகிறதா, எலும்பு குடைகிறதா, வயிறு புரட்டுகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை.

"மூக்கு ஒழுகுதா?"

"இல்லீங்க."

மருத்துவர் பலமாகத் தும்மினார். "இந்தப் பரீட்சையில எனக்கு ரெண்டு மார்க். நீங்க சைபர்."

அக்கா சிரித்துவிட்டார்.

"நேத்து மத்தியானத்தோட நிறுத்தினவருக்கு இந்நேரம் உடம்பு ஒரு இடத்துல நிக்காது. நீங்க கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி சுகமா வந்திருக்கீங்க. அதுதான் எனக்குச் சிக்கல்."

சுகமாக இருப்பதில் என்ன சிக்கல்? மருந்து கொடுப்பதற்கு நோயாளி தவிக்க வேண்டுமா? நெடுநாளாக மெக்கானிக்குக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல அசைந்தது.

"அந்தத் தாள் எதுக்கு, டாக்டர்?"

அக்கா சட்டென்று திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"பஸ்ல இருக்கிற மாதிரி மூளையில சில சீட்டு இருக்குன்னு வைங்க" என்றார் மருத்துவர். "நீங்க போடுற மாத்திரை அதுல ஏறி உக்காந்து ஆட்டம் போடுது. இறங்கினா உங்களுக்கு உயிர் போகுது. நான் தரப்போற மருந்தும் அதே சீட்டுலதான் உக்காரும். ஆனா அடக்கமா உக்காரும். ஆட்டமும் இருக்காது, தவிப்பும் இருக்காது."

"நல்லதுதானே?" என்றார் அக்கா. இருக்கை விவகாரம் என்றதும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நல்லதுதான். ஆனா இது பலசாலி. ஏற்கெனவே உக்காந்திருக்கிறவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும்."

"ஓடுற வண்டியிலேர்ந்தா?"

"ஓடுற வண்டியிலேர்ந்துதான். அத்தனை பேரையும் ஒரே நேரத்துல."

மெக்கானிக்கின் கண் முன்னே கயிறறுந்த கூண்டு ஒன்று விழுந்தது. "லிஃப்ட்லயும் ஆள் கூடிட்டா மணி அடிக்கும்ங்க. இறங்கினாத்தான் கதவு மூடும். இந்தத் தாள்தான் அந்த மணியா?"

"அதேதான். மார்க் ஏறினா, சீட்டு காலியாயிடுச்சுன்னு அர்த்தம்."

"ஒருத்தர்..." குரல் தாழ்ந்தது. "ஒருத்தர் பொய் சொல்லி மருந்தை வாங்கிட்டா?"

"கொஞ்ச நேரத்துல இந்த ரூம்லயே சுருண்டு விழுவார். அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் இந்த மருந்தை நம்பமாட்டார். எனக்கு அதுதான் பயம்."

அவ்வளவுதான். மருத்துவர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் மின்விசிறி சுற்றியது. தெருவில் வைக்கப்பட்ட பெட்டி மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தது. அதன் பிடியில் ஒட்டியிருந்த எண்சீட்டுகூட நினைவுக்கு வந்தது. சொன்னால் கதவு சாத்தப்படும், சொல்லாவிட்டால் கயிறறும்.

"காலைல ஆறு மணிக்கு" என்றார். "ரெண்டு."

தலை நிமிரவில்லை. கதவின் ஓசைக்குக் காத்திருந்தார். கேட்டதோ பேனா நகரும் ஓசை.

"உடனே கரையுற வகையா, மெதுவா கரையுற வகையா?"

"உடனே கரையுறது... டாக்டர், திட்ட மாட்டீங்களா?"

"எதுக்கு?"

"வைத்தியத்துக்கு வர்ற அன்னிக்கே போட்டுட்டு வந்திருக்கேன்."

"மரியாதையாத் தெரியணும்னு போட்டிருக்கீங்க. இங்க வர்றவங்க நிறையப் பேர் பண்றதுதான். போன்லயே உங்ககிட்ட விவரமாச் சொல்லியிருக்கணும். அது எங்க தப்பு."

மூன்றாண்டுகளில் முதன்முறையாக வேறொருவர் தம் தப்பு என்று ஒன்றைச் சொல்லிக் கேட்டார் மெக்கானிக்.

அக்கா தொண்டையைச் செருமினார். "டிக்கெட் எடுக்காம ஏறினவன் முழி எனக்குத் தெரியாதாடா? வீட்டு வாசல்லயே பார்த்துட்டேன்."

"அப்ப ஏன்க்கா கேக்கல?"

"நீயா எடுக்கிறியான்னு பார்த்தேன்."

இனிமேல் ஒரு மாத்திரையும் கூடாது. நாளைக் காலை எட்டு மணிக்கு வரவேண்டும். வாந்திக்கு இது, தாங்கமுடியாமல் போனால் அழைக்க இந்த எண். மருத்துவர் எழுதிக் கொடுத்தார். "நாளைக்குச் சவரம் வேண்டாம். தவிப்போட வாங்க."

மறுநாள் காலை அவர் கண்ணும் மூக்கும் ஊற்றெடுக்க, கொட்டாவி மேல் கொட்டாவியாக, கசங்கிய சட்டையோடு வீட்டு வாசலில் நின்றார். தோலெல்லாம் புல்லரித்திருந்தது. இரண்டாம் நாளும் விடுப்புப் போட்ட அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கோலத்துல யாராவது வெளிய கிளம்புவாங்களா?"

"இந்தக் கோலத்துக்குத்தான்க்கா அங்க மார்க்."

நான்காம் மாடியில் இறங்கும்போது இம்முறை அவருடைய கால் இடறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தார். கதவு மூட வந்து தோளில் முட்டி மீண்டும் திறந்தது. அப்போதும் அவர் நகரவில்லை. அக்காதான் கையைப் பிடித்து இழுத்துச் செல்லவேண்டியிருந்தது.

"பதிமூணு மார்க்!" என்றார் மருத்துவர். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது அவர் பார்வை. "நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கக் கூடாது. பத்து நிமிஷம் பேசவும் கூடாது."

மருந்து கசந்தது. நெற்றியில் வியர்வை காயவில்லை. கடிகாரத்தின் முள் இரண்டு நிமிடம் நகர்ந்ததும் மெக்கானிக் விரல்களைக் கூட்டி எழுதுவதுபோல் சைகை செய்தார். மருத்துவர் மதிப்பெண் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினார்.

"எத்தனை நாளைக்கு இந்த மருந்துன்னுதானே கேக்கப்போறீங்க? மாசக்கணக்காகும். வருஷக்கணக்குகூட ஆகலாம். நமக்கு அவசரமில்ல."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். கோணலும் மாணலுமாக எழுதி அக்காவின் பக்கம் தள்ளினார்.

'லிஃப்ட் ரெண்டு விரல் மேலே நிக்குது. நேத்தும் இப்படித்தானா?'

அக்கா அதைப் படித்தார். மீண்டும் படித்தார்.

"நேத்தும் இப்படித்தான்டா, திருகாணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மெக்கானிக் தாளைத் தம் பக்கம் இழுத்தார். 'பிரேக் லைனிங் தேஞ்சிருக்கும். யார் பாக்குறாங்க? கடைசியா எப்போ கழட்டினாங்க?'

மருத்துவர் தும்மினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. எழுதுங்க."