செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணி

வேகமாக ஓடுகிற ப்ரோக்ராமை மெதுவாக ஓட வை என்று கேட்ட முதலாளி இந்தப் பூமியில் சென்னப்பன் ஒருத்தராகத்தான் இருப்பார். செபாஸ்டின் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தான். அவன் பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனியில் சம்பளப் பட்டியல் அரை மணி நேரம் ஓடினால், அதைக் கால் மணியாகக் குறைக்க நாலு பேர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இங்கே, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில், எல்லாம் தலைகீழ்.

"டக்குனு வந்தா சனத்துக்கு நம்பிக்கை வரலப்பா," என்றார் சென்னப்பன். "ஜோசியருன்னா பஞ்சாங்கத்தைப் புரட்டி, வெரலை மடக்கி, மோட்டுவளையைப் பாத்துட்டு அப்பறந்தான் வாயத் தொறப்பாரு. இது தட்டுன ஒடனே துப்புது. சும்மா அடிச்சு வுட்டுட்டாங்கன்னு போறாங்க. கொஞ்சம் யோசிக்க வையி அதை."

யோசிக்க வைத்தான். ஒன்றிலிருந்து முப்பதாயிரம் வரை எண்ணிக்கொண்டு, வேறு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்படி நடுவில் இரண்டு வரி சேர்த்தான். அதோடு புகார் நின்றது. பச்சைத் திரையில் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்து, "என்னமா கணக்குப் போடுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தமிழ் எழுத்தை அச்சில் கொண்டுவருவதற்காக ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக அடுக்கி மூன்று மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் அவன். அதை ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை. தாளின் தலைப்பில் நட்சத்திரக் குறியால் ஒரு பிள்ளையார் இருந்தார். சென்னப்பன் கேட்டார் என்று ஒரு மத்தியானத்தில் போட்டது. மெச்சியவர்கள் எல்லாம் அந்தப் பிள்ளையாரைத்தான் மெச்சினார்கள்.

பெங்களூர்க் கம்பெனி எண்பத்தேழில் மூடிக்கொண்டது. ஊருக்கு வந்து சும்மா இருந்தவனை ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சென்னப்பன் பிடித்தார். "மொதல்ல ஜாதகம். அப்பறம் புளி மண்டி, மாங்கா மண்டி, அத்தனை கணக்கும் நம்மளுதுதான்" என்றார். அதை நம்பி வந்தான். வருஷம் ஒன்று போய்விட்டது, ஒரு மண்டிக்காரனும் எட்டிப் பார்க்கவில்லை. மெஷினுக்கு ஏசி, மெஷினுக்குச் சாயங்காலம் கற்பூரம், மெஷின் அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. அந்த மெஷினுக்கு வேலை சொல்லித் தந்தவன் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவன் அம்மா மதலேனம்மாள், "ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்ற, திங்கக்கெழம கெரகம் பாக்கப் போற. சாமியாரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?" என்று வாரம் தவறாமல் கேட்டாள். "நான் கூட்டிக் கழிக்கிறேன்மா, அவ்ளோதான்" என்பான். அவனுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. கணக்கில் இருந்தது. நம்புகிறவன் நம்பட்டும், நம்பாதவன் போகட்டும், நான் போட்ட கணக்கில் பிசகு இருக்கக்கூடாது என்பதுதான் அவனுடைய வீறாப்பு. பழைய பஞ்சாங்கங்களை வைத்துச் சரிபார்த்துச் சரிபார்த்து எழுதியிருந்தான்.

அந்த வீறாப்பு கார்த்திகை மாதம் தருமபுரி ஆஸ்பத்திரியில் ஒரு காலை வேளையில் உடைந்தது. அக்கா ராயம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவன் போனபோது அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேரன் புதங்கெழம ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தானுங்க."

"வியாழக்கெழமம்மா," என்றான். "சீட்டுல பாரு. பன்னெண்டு மணி தாண்டுனா தேதி மாறிடும்."

"என்னா மாறிடும்? கோழி கூவல, கெழக்க வெளுக்கல, அதுக்குள்ள வியாழன் எங்கருந்துடா வந்துச்சு? விடிஞ்சாத்தான் வியாழன்."

பக்கத்துக் கட்டில்காரியும் "அதானுங்களே" என்றாள். செபாஸ்டின் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று கடை ஞாபகம் வந்தது.

இந்தப் பக்கத்தில் யாருக்கும் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். அவனே அப்படித்தான் பேசி வளர்ந்தவன். மெஷினுக்கு நாள் நடுராத்திரியில் மாறும். கடைக்கு வருகிறவர் "செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணி" என்று சொல்லி அந்தச் செவ்வாயின் தேதியைத் தருவார். இவன் அந்தத் தேதியைப் போட்டு, காலை இரண்டு மணி என்று தட்டுவான். அது சனங்களின் கணக்கில் திங்கட்கிழமை ராத்திரி. முழுசாக ஒரு நாள் முன்னால். நிலா ஒரு நட்சத்திரம் பின்னால் போய்விடும். நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்த அத்தனை பேருக்கும் தப்பான நட்சத்திரம் அடித்துக் கொடுத்திருக்கிறான். அக்காவின் குழந்தையைத் தூக்கக்கூட மறந்து கடைக்கு ஓடினான்.

எத்தனை பேருக்கு என்று தெரியாது. ஒரு முகம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. கடத்தூர் மாதையன், ஐப்பசியில் மகள் காவேரிக்குப் பொருத்தம் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தவர். மகள் பிறந்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணி என்று மூன்று தடவை சொன்னார். மெஷின் அவிட்டம் என்றது. பையன் மிருகசீரிடம். இரண்டும் ஒரே ரஜ்ஜு, அப்படியானால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, அது இல்லையென்றால் தாலி நிற்காது என்று மாப்பிள்ளையின் அப்பா தீர்த்தகிரி அங்கேயே எழுந்துவிட்டார். பூ வைக்க நாள் குறித்திருந்த சம்பந்தம். அந்தப் பெண்ணின் அம்மா கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சென்னப்பன் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

செபாஸ்டின் காவேரி பிறந்த தேதியை ஒரு நாள் தள்ளித் தட்டினான். முப்பதாயிரம் எண்ணி முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சதயம் என்று வந்தது. ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு. எல்லாம் நன்றாக இருந்தது.

தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு கடத்தூர் பஸ் ஏறினான். மாதையன் வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். காவேரி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். செபாஸ்டின் நின்றபடியே நடந்ததைச் சொன்னான்.

"தப்பு உங்க பொண்ணு ஜாதகத்துல இல்லீங்க. நான் எழுதுனதுல. உங்க செவ்வாய்க்கெழம வேற, மிசினோட செவ்வாய்க்கெழம வேற. அதை நான் கேட்டிருக்கோணும். கேக்கல."

மாதையன் தாளை வாங்கி, பிள்ளையாரைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இதெல்லாம் என்னா புரியுது தம்பி. நல்லதுன்னா நல்லதுதான். ஆனா அவுங்க ஒத்துக்கோணுமே. தீர்த்தகிரி இப்பப் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பொண்ணு பாத்துட்டு வந்திருக்காராம். அவருகிட்ட வந்து சொல்லுவியா?"

காவேரி கையை நிறுத்தி அவனையே பார்த்தாள். இப்பவே போலாங்க என்றான் செபாஸ்டின்.

அரூர்ப் பக்கத்தில் தீர்த்தகிரியின் வீடு. பெரிய மனுஷர், மரியாதை தெரிந்தவர், காப்பி கொடுத்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, நீ நல்ல புள்ளையாட்டந்தான் தெரியுது. ஆனா மிசினு தப்புப் பண்ணாதுப்பா."

"மிசினு பண்ணலீங்க, நான் பண்ணேன். அதுக்குச் சொல்லிக் குடுத்தவனே நாந்தாங்க."

"நீ மனுசன், உனுக்கு மறதி வரும், எரக்கம் வரும். இவுரு சம்சாரம் அழுதத நீ பாத்திருப்ப. அதுக்கு வருமா? மொதத் தாளு அதுவா குடுத்தது. இது நீ கையில புடிச்சிட்டு வந்து குடுக்கறது. நான் எதை நம்புறது?"

ஒரு வருஷமாக உட்கார்ந்து வரிக்கு வரி எழுதியவன் சொல்கிறான், தப்பு என்று. அவன் எழுதியதை நம்புகிற மனுஷன் அவனை நம்ப மாட்டேன் என்கிறான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். செபாஸ்டினுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் சென்னப்பன் எல்லாவற்றையும் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "நீ ஏன்யா தப்புன்னு சொல்ற? பரிகாரம்னு சொல்லு" என்றார்.

"என்னா பரிகாரம்?"

"பொண்ணு தீர்த்தமலை ஏறி, தீர்த்தத்துல முழுகி, சாமி கும்புட்டுட்டு வரட்டும். ரெண்டு வூட்டாரையும் நான் கூப்புடறேன். நீ தேதியை மாத்தித் தட்டு. சரியா வந்துரும். தீர்த்தகிரிக்கு வச்சதே அந்த மலைச் சாமி பேருதான், மலைன்னா உசுரு. வேணாம்பாரா?"

"தப்புப் பண்ணது நானு மொதலாளி. மார்கழிக் குளுருல அந்தப் பொண்ணு எதுக்கு முழுகோணும்?"

"அப்ப தப்புன்னே சொல்லிட்டுத் திரி. அதுக்குள்ள பாலக்கோட்டுல நிச்சயம் முடிஞ்சிரும்."

பாவி மனுஷன், சொன்னது நியாயமாக இருந்ததுதான் செபாஸ்டினுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தான். உண்மையைச் சொன்னால் எடுபடாது, அதற்கு ஈரத்துணியும் விபூதியும் போட்டுக் கூட்டிவந்தால் எடுபடும் என்றால் நான் எதற்குப் படித்தேன் என்று அம்மாவிடம் கத்தினான். "படிக்கறப்ப என்னைக் கேட்டியா?" என்றாள் மதலேனம்மாள். மூன்றாம் நாள் சரி என்று சொல்லிவிட்டான்.

காவேரி மலை ஏறினாள், முழுகினாள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். காவேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவின் பின்னால் நின்றாள். சென்னப்பன் கற்பூரம் காட்டினார். அவர் கேட்டபடி முப்பதாயிரத்தை செபாஸ்டின் மூன்று மடங்காக்கி வைத்திருந்தான். புள்ளிகள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. பிரிண்டர் கரகரவென்று பிள்ளையாரை அடித்து, சதயத்தை அடித்து, ரஜ்ஜு உண்டு என்று அடித்தது. நட்சத்திரத்தின் பெயரை எடுத்துவிடு என்று சென்னப்பன் காதைக் கடித்திருந்தார். செபாஸ்டின் எடுக்கவில்லை. போன தடவை அவிட்டம் என்று இருந்ததே, இப்போது எப்படிச் சதயம் என்று யாராவது கேட்கட்டும், கேட்டால் இந்த இடத்திலேயே போட்டு உடைத்துவிடலாம் என்று காத்திருந்தான்.

ஒருத்தரும் கேட்கவில்லை. தீர்த்தகிரி தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதையனைக் கட்டிப் பிடித்தார்.

தை மாதம் கடத்தூரில் கல்யாணம். செபாஸ்டின் போகிற எண்ணத்தில் இல்லை, மாதையன் நேரில் வந்து கூப்பிட்டுவிட்டார். பந்தலில் தீர்த்தகிரி அவன் கையைப் பிடித்து, தன் சொந்தக்காரர்கள் நடுவில் நிறுத்தினார்.

"இந்தத் தம்பிதாங்க கம்ப்யூட்டரு. தங்கமான புள்ள. என்னா ஒண்ணு, மிசினு தப்புன்னு சொல்லிட்டு என் வூட்டுக்கே வந்துட்டாப்புல. நல்ல வேளை நான் கேக்கல. கேட்டிருந்தா பொண்ணு முழுக்குப் போடாமலே தாலி கட்டியிருப்பான் எம் மவன். என்னா ஆயிருக்கும்?"

எல்லோரும் ஆமாமாம் என்றார்கள். ஒருவர் தன் பெண்ணுக்கும் நாளைக்குப் பார்க்க வேண்டும் என்று கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். செபாஸ்டினும் வழி சொன்னான். சாப்பிடாமல் கிளம்பிவிடலாம் என்று மொய்க் கவரைக் கொடுக்க மணமேடைக்குப் போனான். மாப்பிள்ளை கவரை வாங்கி அந்தப் பக்கம் யாரிடமோ நீட்டிக்கொண்டிருந்தான். காவேரி குனிந்த தலையை லேசாக நிமிர்த்தினாள். சளியில் அவள் தொண்டை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ரெண்டு தாளும் எங்கிட்டதாண்ணா இருக்குது," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "ஒண்ணுல அவிட்டம், ஒண்ணுல சதயம். நீங்க அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

ஒருத்தி. ஒரே ஒருத்தி. செபாஸ்டினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போல் இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றான்.

"நீங்க சொல்லியே கேக்கல. நான் சொன்னாக் கேப்பாங்களா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தப்பு நீங்க பண்ணீங்க. முழுக்கு நான் போட்டேன். மலைமேல தண்ணி எப்பிடி இருந்துச்சு தெரியுங்களா?"