கடல் இடது பக்கம்

மனைவியின் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, போனை அவள் காதோரம் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினான். முதலில் அலைச் சத்தம்தான் வந்தது. பிறகுதான் வேன் ஓட்டும் மச்சானின் குரல்.

"மூணாவது ஸ்டாப். பெரிய பாறை. மணி எட்டு நாப்பத்தி ரெண்டு."

"எட்டு நாப்பதுதானே போட்டிருக்கேன்," என்றாள் அவள். குரல் நூலாக வந்தது. "ரெண்டு நிமிஷத்த எங்க விட்டே?"

"ஒரு அம்மா செருப்ப சீட்டுக்கு அடியில தேடிக்கிட்டிருந்தாங்க. நான் என்ன பண்றது?"

"ஹாரன் அடிச்சியா?"

"சத்தியமா இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, போனில் வேனின் ஹாரனே ஒலித்தது. அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. அவன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் நேற்று மாலையே சொல்லிவிட்டார், இன்றோ நாளையோ என்று. மச்சான் வேனை எடுக்கமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் உள்ளிருந்தபடி, "பக்கத்துல உக்காந்து மூக்கு சிந்தப் போறியா? அதுக்கு அம்மா இருக்காங்க. நீ ஓட்டு," என்றாள். காலை ஆறு மணிக்குப் பதினோரு பயணிகளோடு வேன் கிளம்பியது.

அவள் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலையில் இருந்தவள். அந்த முதலாளிக்கு ஊரே வைத்த பெயர் அரைநாள். தீவின் கிழக்குக் கரைக்கு அரைநாள், மேற்குக் கரைக்கு அரைநாள். முழுத் தீவையும் ஒரே பகலில் சுற்றிக் காட்ட முடியாது என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவர். எந்த வேன் போனாலும் கடைசிக் கடற்கரைக்குப் போவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் கடலைக் காட்டினால் யார் திரும்பி வருவார்கள்?

படுக்கையில் விழுந்த பிறகு அவள் அதைக் கையில் எடுத்தாள். அந்தச் சாலை முழுவதையும் அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெட்ரோல் பங்க், டீக்கடை, கலங்கரை விளக்கத்துக் காவலாளி என்று ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். உங்க வாசல்ல எத்தனை மணிக்கு வண்டி நெரிசல்? ஸ்கூல் எப்ப விடும்? பாத்ரூம் சாவி யார்கிட்ட? "கடல் பாக்க வர்றவங்க முதல்ல தேடறது கடல இல்ல," என்பாள்.

மூன்றாம் மாதம் ஒருநாள் அவனைக் கத்திக் கூப்பிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தான்.

"எல்லாரும் தப்பான பக்கமா சுத்தறாங்க."

வலது பக்கம் கடல் வரும்படிப் போகிறார்கள். அதனால் ஒவ்வொரு இடத்திலும் எதிர்வண்டிக்குக் காத்து நின்று ரோட்டைக் கடந்து நிறுத்த வேண்டும். கிளம்பும்போது மறுபடி கடக்க வேண்டும். வேனின் கதவோ இடது பக்கம். ஆட்களை ரோட்டுக்குள் இறக்கி, எண்ணி, வேனைச் சுற்றிக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒன்பது இடம். இடத்துக்குப் பத்து நிமிஷம்.

"திருப்பிச் சுத்து. கடல் இடது பக்கம். கதவத் திறந்தா கடல். ஒண்ணர மணி நேரம் மிச்சம்!"

அரைநாள் நேரில் வந்து அவளுடைய தாளைப் பார்த்தார். "போன்லயே ரோடு போட்டுட்டியாம்மா?" என்று சிரித்தார். "இருட்டறதுக்குள்ள வேன் என் வாசலுக்கு வரட்டும். இந்த டூர நானே போர்டுல எழுதறேன்."

அதற்குத்தான் இன்று.

ஐந்தாவது இடத்தில் இரண்டு நிமிஷமும் சரியாகிவிட்டது. சாப்பாடு முன்பே சொல்லிவைத்தபடி மேஜையில் இருந்தது. மத்தியானத்துக்குமேல் அவள் கண்ணைத் திறப்பது குறைந்தது. காது மட்டும் விழித்திருந்தது.

"கேளு," என்றாள். "நடுவுல ஏதாவது ஆச்சுன்னா அண்ணாகிட்ட சொல்லாதே. மலை வளைவுல இருப்பான். பின்னாடி பதினோரு பேர்."

"எனக்குப் பொய் சொல்ல வராது."

"தெரியும். நீ சொன்னா பூனைகூட நம்பாது. பொய் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"சரி."

இரண்டே முக்காலுக்கு ஒற்றைவழிப் பாலம். ஒரு பக்க வண்டிகள் போய் முடித்த பிறகுதான் மறுபக்கம் விடுவார்கள். மாட்டினால் இருபது நிமிஷம் போய்விடும்.

"நிக்கவே இல்ல!" மச்சான் கத்தினான். "நாங்க போறோம், கொடியத் தூக்கறான்! உள்ள எல்லாரும் கை தட்டறாங்க, கேக்குதா?"

கேட்டது. மச்சான் வைத்ததும் அவள் உதடு அசைந்தது. அவன் குனிந்தான்.

"அடுத்து டீ. பத்து நிமிஷம். பதினஞ்சு கேப்பாங்க. குடுக்கக் கூடாது."

அதன் பிறகு இரண்டு மூச்சு. நீளமான ஒன்று, குட்டையான ஒன்று. மூன்றாவதற்கு அவன் காத்திருந்தான்.

அத்தை எழுந்து வந்து மகளின் கன்னத்தைத் தொட்டாள். அழ வாய் திறந்தபோது போன் அடித்தது. அவன் கையை உயர்த்தினான். அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மாப்ள, டீக்கு பதினஞ்சு நிமிஷம் வேணுமாம். அவள கேளு."

"பத்து."

"அவ சொன்னாளா?"

"சொன்னா."

"ராட்சசி," என்று சிரித்துவிட்டு மச்சான் வைத்தான்.

பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து பார்த்து, கண்களை மூடிவிட்டு நாற்காலியில் அமர்ந்தாள். அத்தை அவனையே பார்த்தாள்.

"கூடப் பொறந்தவன். அவன்கிட்ட மறைக்கறீங்களே மாப்பிள்ளை. இது நியாயமா?"

அவன் தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினான். மீதி மூன்று இடங்கள் இருந்தன. நடுவே மலை. அத்தைக்குப் படிக்கத் தெரியும். வெகுநேரம் படித்தாள்.

"வாசக் கதவச் சாத்துங்க," என்றாள். "யாராவது கேள்விப்பட்டு அவனுக்குப் போன் போட்டுடப் போறாங்க."

எட்டாவது இடத்திலிருந்து வந்த குரலில் காற்று இறங்கியிருந்தது.

"போச்சு மாப்ள. மாட்டு மந்தை. ஒம்பது நிமிஷம் நின்னுட்டேன். கடைசி ஸ்டாப்ப விட்டுட்டு நேரா வந்துடவா? அவளுக்குக் குடு."

அவன் தாளைப் பார்த்தான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவள் கையெழுத்தில் ஒரு வரி. *சும்மா – 12.* அதென்ன என்று அவன் ஒருமுறை கேட்டிருந்தான். ரோடுன்னா ஏதாவது குறுக்க வரும், அதுக்கும் ஒரு சீட்டு போடணும் என்றாள்.

"எதையும் விடாதீங்க மச்சான். அவ பன்னெண்டு நிமிஷம் கூட வச்சிருக்கா. நீங்க மூணு நிமிஷம் முன்னாடி இருக்கீங்க."

"அடிப்பாவி!" என்று ஒரு கூச்சல். வேனுக்குள் அதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்வது கேட்டது. மறுபடி கை தட்டல். அத்தை கை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அம்மா பேசறேன். பறக்காத. பாத்து ஓட்டு. வளைவுல ஹாரன் அடி, இன்னிக்கு யாரும் திட்டமாட்டாங்க."

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஆறு பதினொன்றுக்கு அடித்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டுக் கொடியில் உலர்ந்த துணியின் நிறங்களைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வெளிச்சம். போனில் பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அரைநாளின் குரல் எல்லாவற்றையும் மீறி வந்தது.

"தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட குடு! சாக்பீஸ் கையில இருக்கு. என்ன பேரு போடணும்னு அவதான் சொல்லணும்!"

"கடல் இடது பக்கம்னு போடுங்க சார். மச்சான்கிட்ட குடுங்க."

மச்சான் மூச்சு வாங்க வந்தான். "பாத்தியா மாப்ள! பாத்தியா!"

"இன்ஜின் ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"எல்லாரும் இறங்கிட்டாங்களா?"

"இறங்கி..." குரல் நின்றது. "மாப்ள?"

அவன் சொன்னான். ஒரே வாக்கியம்தான்.

அந்தப் பக்கம் மற்றவர்களின் சிரிப்பு கேட்டது. பிறகு மச்சான் கேட்டான்.

"நான் எங்க இருந்தேன்?"

"பாலம் தாண்டி. டீக்கு முன்னாடி."

"பாலம் அவளுக்குத் தெரியுமா?"

"கை தட்டினதுகூட கேட்டா."

அரை மணியில் வேன் வீட்டு வாசலுக்கு வந்தது. மச்சான் யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் அத்தையிடமிருந்து வெளியே வந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. ஆட்கள் வர வழி வேண்டுமே என்று அவன் வேனை ஓரமாக நிறுத்தப் போனான்.

பக்கக் கதவு திறந்தே கிடந்தது. ரப்பர் விரிப்பின் பள்ளங்களில் கரைக்கு ஒரு நிறமாக மணல். படிக்கட்டருகே வெள்ளை, நடுவில் கறுப்பு, பின் சீட்டுகளுக்கு அடியில் செங்கல் நிறத்தில் ஒரு பிடி. ஒரு குழந்தையின் ஈரக் கால் தடம் மூன்றின் மேலும் நடந்து போயிருந்தது.