ராதோஸ்தினாவின் இருட்டு

ஏப்ரல் அமாவாசை கழிந்ததிலிருந்து ராதோஸ்தினாவின் கால் தரையில் பாவவில்லை. "இருபத்தொண்ணு புள்ளி தொண்ணூத்தி நாலு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தபால் கொடுக்கப் போன மலை வீடுகளிலும் சொன்னாள். அது என்ன கணக்கென்று தெரியாத சனங்கள் சர்க்கரையோ கொழுப்போ என்று நினைத்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று அனுப்பிவைத்தார்கள்.

அது இருட்டின் கணக்கு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு மீட்டர் ஒன்று இருக்கிறது. நிலா இல்லாத ராத்திரியில் அதை உச்சி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால் ஓர் எண் காட்டும். எண் ஏற ஏற இருட்டு அதிகம். ஊருக்குள் பதினெட்டைத் தாண்டாது. இருபத்திரண்டு என்றால் மனுஷ வாடையே படாத வானம். எங்கள் கர்ஜாலியைச் சுற்றியுள்ள ரொதோப்பி மலைகளில் இருபத்தொன்றரை வந்தாலே ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அப்படியிருக்க, தொண்ணூற்று நாலு!

கர்ஜாலி வானியல் சங்கத்தில் மொத்தம் பதினாறு பேர். மாதாமாதம் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை தொலைநோக்கிகளைக் காரில் கட்டிக்கொண்டு மலையேறுவது அவர்களுடைய வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. நல்ல இருட்டான இடத்தை யார் கண்டுபிடிக்கிறாரோ அவர் பெயரையே அந்த இடத்துக்கு வைப்பார்கள். சங்கத்தின் வரைபடத்தில் இடத்தின் மேல் பெயரும், பெயருக்குக் கீழே எண்ணும் மையால் எழுதப்படும். 'தோதரின் இருட்டு', 'கலினின் இருட்டு', 'கலினின் இரண்டாம் இருட்டு' என்று அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதும் மீசை வைத்த பெயர்கள்.

ராதோஸ்தினா சங்கத்தில் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. தபால்காரி என்பதால் அந்த மலைப்பாதைகள் எல்லாம் அவளுக்குத் தன் வீட்டு மாடிப்படி மாதிரி. அதற்காக அவளிடம் யாராவது இடம் கேட்டார்களா? "ராதோ, ஃபிளாஸ்க்குல காபி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். சங்கத் தலைவர் கலின் கெர்ஜிகோவ், ஓய்வுபெற்ற பல் டாக்டர், நல்ல மனிதர்தான். ஆனால் வரைபடத்தில் நாலு இருட்டு அவர் பெயரில் இருந்தும் ஐந்தாவதுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறவர்.

வழக்கமாகப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் வந்து, கார் நிறுத்துமிடம் முழுக்க விளக்கு நட்டு, வானத்தை வெள்ளையடித்துவிட்டது. புது இடம் தேட வேண்டியதாயிற்று. கலின் ஒரு முகட்டைப் பிடித்து இருபத்தொன்று புள்ளி அறுபத்து மூன்று என்று அறிவித்தார். நம்ம ராதோஸ்தினா கிரீஸ் எல்லையோரத்துப் புல்வெளி ஒன்றுக்குத் தனியாகப் போய், நாலு மணி நேரம் அளந்து, தொண்ணூற்று நாலு என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டாள். கலினுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்வி. மே மாதச் சனிக்கிழமை பதினாறு பேரும் அங்கே போய், பார்த்து, பெயரை எழுதிவிடுவது என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, ராதோஸ்தினா ஒரு பதிவுத் தபாலோடு ஒரு வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். வெளியே மழைச் சாரலும் குளிரும். உள்ளே பானையில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, தலைக்கு மேல் எரிந்த பல்பு பாதியாக மங்கியது.

கையெழுத்து வாங்கக்கூட மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

ஏப்ரலில் அவள் அளந்த ராத்திரி புல்வெளியில் பனி கொட்டியது. தொலைநோக்கியின் கண்ணாடியை ஹேர் டிரையர் வைத்து மூன்று தடவை காயவைத்தாள். ஜீப்பின் பேட்டரியில் ஓடும் அந்த டிரையருக்காகவே சங்கத்தில் அவளுக்கு ஏகப்பட்ட கேலி. ஆனால் மீட்டரை? அது ஜீப்பின் கூரை மேலேயே கிடந்தது. அதன் கண்ணை அவள் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். முதல் எண் இருபத்தொன்று புள்ளி ஐம்பத்தேழு. பிறகு அறுபது, எழுபத்து மூன்று, எண்பத்தெட்டு, கடைசியில் தொண்ணூற்று நாலு. ராத்திரி ஆக ஆக இருட்டு கூடுகிறது என்று சந்தோஷப்பட்டிருந்தாள். கூடியது இருட்டு இல்லை. மீட்டரின் கண்ணில் பனி படிந்து அது குருடாகிக்கொண்டே வந்திருக்கிறது.

மாவு அப்பிய கையோடு வந்த ஸ்பாஸிடம் விஷயத்தைச் சொன்னாள். ஸ்பாஸ் அவள் புருஷன், பேக்கரி வைத்திருக்கிறான்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க? நான் என்னமோ தபாலாபீஸ்ல சீட்டைக் கிழிச்சுட்டாங்கன்னு நினைச்சேன்."

"உனக்குப் புரியாதுப்பா. பதினாறு பேர் வர்றாங்க."

"வரட்டுமே. அன்னிக்குக் கம்மியா காட்டினா, காத்துல ஈரம், கிரீஸ்காரன் விளக்கு, எதையாவது சொல்லு. உங்காளுங்க எண்ணு தினம் ஒண்ணு சொல்லும்னு நீதானே சொல்லுவ?"

அது உண்மைதான். எந்த இரண்டு ராத்திரியும் ஒரே எண்ணைக் காட்டாது. ஒருநாள் குறைந்ததென்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தொண்ணூற்று நாலு வரைபடத்தில் ஏறி அங்கேயே இருந்துவிடும். அவள் வாயைத் திறந்தால்தான் உண்டு.

"அப்ப கம்முனு இருந்துரவா?"

"நான் இருப்பேன்" என்றான் ஸ்பாஸ். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நீ இருக்க மாட்ட. உன்னத் தெரிஞ்சவன்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போனான்.

ராதோஸ்தினாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். பதினோரு வருஷத்துக் காபி ஃபிளாஸ்க் எல்லாம் கண் முன்னால் வந்து போனது. அழுது முடித்தபின் கோபம் வந்தது. அந்தப் புல்வெளியைத் தான் எண்ணைப் பார்த்தா பிடித்தோம்? முதல் தடவை ஏறியபோதே நெஞ்சுக்குள் இடம் இதுதான் என்று தோன்றியதே, அது எதனால்? எண் கிடைத்த மயக்கத்தில் அந்த இடத்தையே சரியாகப் பார்க்காமல் இருந்துவிட்டோமோ என்று பட்டது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பகலிலேயே மேலே ஏறினாள். திசைகாட்டியும் வரைபடமும் கொண்டுபோனாள். முதல் தடவை வடக்கையும் உச்சி வானத்தையும்தான் பார்த்திருந்தாள். இப்போது புல்வெளியின் தெற்கு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். மலை அங்கே சட்டென்று முடிந்து, கீழே கிரீஸ் நாட்டுச் சமவெளியும் அதற்கப்பால் கடலும் கிடந்தன. வேறு முகடே இல்லை. பொழுது சாய்ந்ததும் இடப்பக்கம் ஓர் ஊரும் வலப்பக்கம் ஓர் ஊரும் விளக்கேற்றிக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில், சரியாகத் தெற்கே, கை அகலத்துக்குக் கடல் இருட்டாக இருந்தது.

மடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டாள். இந்த இடத்தின் அட்சரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், அடிவானத்தில் காற்று ஒளியை எவ்வளவு தூக்கிக் காட்டும், எல்லாம் கூட்டிக் கழித்தாள். ஒமேகா சென்டாரி, அடிவானத்துக்கு மேலே ஒன்றரை டிகிரி. மறுபடி போட்டாள். ஒன்றரை டிகிரியேதான். கிட்டத்தட்ட ஒரு கோடி சூரியன்கள் ஒரே உருண்டையாகத் திரண்ட பெரிய நட்சத்திரக் கொத்து அது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் தேடுவதேயில்லை. ஏதாவது ஒரு மலை எப்போதும் குறுக்கே நிற்கும். சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு அது அந்தக் கை அகல இருட்டுக்கு நேர் மேலே வர வேண்டும்.

வர வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் வருவதெல்லாம் கண்ணில் வருமா என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு மேகம் வந்து மூடிக்கொண்டதால் பார்க்க வழியில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பதினோரு கார்கள் புல்வெளிக்கு வந்து சேர்ந்தன. மழை பெய்து காற்று கழுவிவிட்டது போலிருந்தது. ஸ்பாஸ் சுட்டுக் கொடுத்தனுப்பிய பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே ஆளாளுக்குத் தொலைநோக்கியைப் பூட்டினார்கள். கலின் வரைபடத்தைக் கார் முகப்பில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். பேனா மூடியையும் கழற்றிவிட்டார். மனிதர் மனசு ஆறாவிட்டாலும் முறை தவறாதவர்.

"வாங்க வாங்க, எல்லாரும் இப்படி வாங்க. நம்ம ராதோ—"

"டாக்டர், எழுதாதீங்க" என்றாள் ராதோஸ்தினா. "அந்த எண்ணு தப்பு."

எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"மீட்டர் கண்ணுல பனி. நான் துடைக்கல. நோட்டைப் பாருங்க, பனி ஏற ஏற எண்ணும் ஏறியிருக்கு. வியாழக்கிழமைதான் எனக்கே உறைச்சுது."

மருந்துக்கடை வைத்திருக்கும் இவெலினா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, ஹேர் டிரையர் மகாராணி! உனக்கேவா பனி புடிச்சுது!"

எல்லோரும் சிரித்தார்கள். ராதோஸ்தினாவுக்கு மட்டும் காது மடல் சுட்டது. ஆனால் குனியவில்லை, நிமிர்ந்தே நின்றாள். சொல்லிவிட்டோம் என்பதே முதுகுக்கு ஒரு பலமாக இருந்தது.

கலின் நோட்டை வாங்கி, டார்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்தார். "இதை நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா" என்றார், மெல்ல. பிறகு தலைவர் குரலுக்குத் திரும்பினார். "சரி. ரெண்டு மீட்டர், ரெண்டு ஆளு, தொடச்சுத் தொடச்சு அளங்க."

நன்றாக இருட்டியதும் அளந்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் மீட்டரின் கண்ணைத் துடைத்தார்கள். இருபத்தொன்று புள்ளி ஐம்பத்தைந்து.

"என் முகட்டுல அறுபத்து மூணு" என்றார் கலின். சந்தோஷத்தை மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "நல்ல இடம்தான், நான் இல்லேங்கல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. எட்டு புள்ளி கம்மி." பேனாவை மூடப் போனார்.

"பதினொண்ணரை வரைக்கும் மூடாதீங்க டாக்டர்" என்றாள் ராதோஸ்தினா.

"ஏன், அதுக்குள்ள இருட்டு கூடிருமா?"

"கூடாது. என் தொலைநோக்கியைத் தெக்கால வச்சிருக்கேன். ஒமேகா சென்டாரி."

இப்போது கலினே சிரித்தார். "நம்ம நாட்டுலேருந்தா? போம்மா அங்கிட்டு. நாப்பது வருஷமா நான் தேடாத மலையா? நாலு இருட்டுலயும் பார்த்தாச்சு, நாலுலயும் முன்னாடி ஒரு மலை நிக்குது."

"இங்க நிக்கல."

அவள் போய்த் தொலைநோக்கிக்கு முன்னால் மண்டியிட்டாள். குழாய் கிட்டத்தட்டப் படுத்துக்கிடந்தது. மணி பதினொன்று ஆயிற்று. வெறும் கறுப்பு. பின்னால் கூட்டம் சேர்ந்து, ஆளுக்கொன்றாய் முணுமுணுப்பது கேட்டது. பதினொன்று பத்து. கண்ணை எடுத்து, இமைத்து, மறுபடி வைத்தாள். குழாயை ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளினாள்.

மாவுக் கையால் கறுப்புத் துணியைத் தொட்டதுபோல் ஒரு வட்டத் தடம். அடிவானக் காற்றில் அலைந்தது, கலங்கியது, ஆனால் கலையவில்லை.

அவள் எழுந்துகொண்டாள். "நீங்க பாருங்க" என்றாள் கலினிடம்.

கலினுக்கு இரண்டு முட்டியும் தகராறு. இவெலினா ஒரு பக்கம், ராதோஸ்தினா ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, முனகிக்கொண்டே மண்டியிட்டார். கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. நேரம் போயிற்று.

"டாக்டர், தூங்கிட்டீங்களா?" என்றது ஒரு குரல். "பின்னால வரிசை நிக்குது. அது மறையறதுக்குள்ள எங்களுக்கும் காட்டுங்க."

"இருக்கு" என்றார் கலின். "ஐயோ, இருக்கு." எழுந்திருக்கவும் மனசில்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, அடுத்தவருக்கு இடம் விட்டார்.

பதினைந்து பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து ராதோஸ்தினாவின் கையைப் பிடித்தவர் பிடிக்க, முதுகில் தட்டியவர் தட்ட, அவள் நடுவில் நின்றாள். பெருமையில் நெஞ்சு வலிக்குமென்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தொண்ணூற்று நாலோடு திரிந்த நாட்களில் இந்த வலி இருந்ததில்லை. அப்போதெல்லாம் ஊருக்குச் சொல்லிச் சொல்லித்தான் பெருமையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. இப்போது யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கலின் நொண்டிக்கொண்டே கார் முகப்புக்குப் போனார். "என் முகட்டுல இருட்டு அதிகம். அங்க குளிர்காலத்துக்குப் போவோம்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "மே மாசம்னா இங்கதான். யாருக்காவது ஆட்சேபனை இருந்தா இப்பவே சொல்லுங்க, பல்லைப் புடுங்கிடறேன்."

வரைபடத்தில் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில், மெதுவாக, நல்ல கையெழுத்தில் எழுதினார்: ராதோஸ்தினாவின் இருட்டு. பிறகு பேனாவைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"கீழ எண்ணு வேணாமே? இவ்வளவு பெரிய சமாசாரத்தப் பாத்துட்டு, அம்பத்தஞ்சுன்னு போட்டா கொஞ்சம் டல்லாத் தெரியும். ஒமேகா சென்டாரின்னு மட்டும் போட்டுடவா?"

"ரெண்டையும் போடுங்க" என்றாள் ராதோஸ்தினா. "அம்பத்தஞ்சை நல்லாத் தெளிவாப் போடுங்க டாக்டர். அது தொடச்சுட்டு அளந்தது."