கத்த விடும் கடை

பிள்ளைகள் பாடியதைச் சிடியில் பதிந்து ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும் என்று பாட்டு டீச்சருக்கு ஆசை. அதற்கு ஒரு சிடி ரைட்டர் வாங்க, தம்பியையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

முதல் கடையில் ஏசி, கண்ணாடிக் கதவு, கடைக்காரர் முகத்தில் வாய் கொள்ளாத சிரிப்பு.

"ஐம்பத்திரண்டு ஸ்பீடு மேடம்! இதுல ஒரு குறையும் வராது."

"வந்தா?" என்றாள் டீச்சர்.

"வரவே வராதுங்கறேனே!"

"சரி, வந்தா?"

சிரிப்பு பாதியாகச் சுருங்கியது. குறையே வராத சாமான் என்று ஒன்று இருந்தால் ஊரில் ரிப்பேர்க்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்களாம்? டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது கடையில் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு பெரியவர் தன் ரைட்டரை மேசையில் வைத்து, "உள்ள போன சிடி வெளிய வரமாட்டேங்குது!" என்று தாம்தூமென்று குதித்துக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். பிறகு புதிதாக ஒன்றைப் பிரித்து, ஒரு சிடி பதிந்து, ஓடவிட்டுக் காட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"வாக்கா, போயிடலாம். சண்டைக்காரக் கடை," என்று தம்பி கிசுகிசுத்தான்.

டீச்சர் பெரியவரிடமே கேட்டாள். "இங்க வாங்கலாமா சார்?"

"தாராளமா வாங்கும்மா! நான் பத்து வருஷமா இங்கதான் வாங்குறேன்."

"அப்புறம் ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

"வேற எந்தக் கடையில, வித்ததுக்கப்புறம் நம்மளை நிக்க வச்சுக் கத்த விடுறாங்க?"