மேட்டைப் பார்த்து நின்ற வண்டி

வண்டியின் பின்கதவை மேலே தூக்கிவிட்டு, நான்கு பேர் பலகையோடு சேர்த்து ஆறுமுகசாமியை வெளியே இழுக்கக் கை வைத்த நேரத்தில், "நில்லுங்க" என்றாள் ஜானகியம்மாள்.

இறந்தவரின் அக்கா அவள். காரமடையிலிருந்து பஸ் ஏறி வந்தவள் ஸ்வெட்டர் பட்டனைக்கூட மாற்றிப் போட்டிருந்தாள். வந்தவள் தம்பி முகத்தைப் பார்த்தாள், ஒரு பாட்டம் அழுதாள். பிறகு நேராகப் போய் வீட்டு நிலையில் கையை ஊன்றி நின்றுகொண்டாள்.

"உசுரு எங்க போச்சு? ஊட்டுக்குள்ளயா, வெளியவா?"

அவளே பதிலும் சொன்னாள்.

"வெளிய போன உசுருங்க. வெளிய போனவங்க உடம்ப நடை தாண்டிக் கொண்டாரப்படாது. எங்கப்பன் காலத்துல இருந்து அதுதான் மொறை."

மலைமேல் இருக்கும் பெர்ன்ஹில்லில் ஆடி மாதத்துத் தூறலுக்கு ஒரு குணம் உண்டு. பெய்கிறது என்று குடை பிடித்தால் நின்றுவிடும், நின்றது என்று மடக்கினால் தலையை நனைத்துவிடும். உடம்பை வாசலில் கிடத்த வழியில்லை. உள்ளே கொண்டுபோக மூத்தவள் விடவில்லை. நான்கு பேரும் என்ன செய்வது என்று சாந்தாமணியைப் பார்த்தார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவள். நாத்தனாரிடம் அவள் சத்தம் போடவில்லை.

"இருக்கட்டுங்க நங்கையா. அவரு படுத்திருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

அப்படித்தான் அந்த வண்டியின் பின்கதவே பந்தலாயிற்று. தூக்கிவிட்ட கதவுக்கு அடியில் ஒவ்வொருவராகக் குனிந்து வந்து, கால்மாட்டில் மாலை வைத்துவிட்டு, நனையாமல் நகர்ந்தார்கள். ஓசூரிலிருந்து வந்த மகள் ராஜப்ரியா பலகையின் ஓரத்தில் தொற்றி உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஈவ்லின் டீச்சர் பெரிய பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, "சாந்தா, ஒரு வாய் குடி. ஜெபம் மாதிரி நெனச்சுக் குடி" என்று தம்ளரைக் கையில் திணித்தாள்.

எல்லோரும் வந்தார்கள். அஸ்வந்த் மட்டும் கிட்டே வரவில்லை. அவன் ஆறுமுகசாமியின் தம்பி மகன். சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவன். வண்டி அவனுடையது. முப்பது வயது ஆண்பிள்ளை, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, கையில் ஒட்டியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

ஜானகியம்மாளின் கண்ணும் அவனைத்தான் தேடியது.

"ஏன்டா, தேக்குக் கட்டிலு உள்ள இருக்குது. கரண்டு ஆபீசுல முப்பத்தொரு வருசம் உத்தியோகம் பாத்த மனுசன ரோட்டோரத்துல, வண்டிக்குள்ள, பார்சல் மூட்டையாட்டப் படுக்கப் போட்டீங்களே! இதுக்குத்தான் சீட்டக் கழட்டுனயா?"

அஸ்வந்த் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதானுங்க அத்தை" என்றான்.

தப்பு இல்லை என்று சொல்லச் சாந்தாமணி வாயெடுத்தாள். அதற்குள் யாரோ ஐயர் வந்துவிட்டார் என்றார்கள், யாரோ தேங்காய் கேட்டார்கள். அந்தச் சொல் சொல்லப்படாமலே போயிற்று.

அந்தச் சீட்டுக் கதையைச் சொன்னால்தான் அவள் ஏன் வாயெடுத்தாள் என்பது உங்களுக்கும் புரியும்.

ஆறுமுகசாமிக்கு நுரையீரலில் நீர். இதயம் தளர்ந்துபோனதால் வந்த நீர் என்றார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும். நாற்பது நாளாக மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் தலையணை வைத்து, அதில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி கண்ணை மூடுவார். பத்து நிமிஷத்தில் திடுக்கிட்டு எழுவார். கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்துப் பார்த்தாயிற்று. நான்கு தலையணை அடுக்கிப் பார்த்தாயிற்று. தூக்கம் வரவில்லை. "சாந்தா, எனக்கு மருந்து வேண்டாம். ஒரே ஒரு தூக்கம் வாங்கிக் குடு" என்று குழந்தை மாதிரி கேட்பார். அவள் எந்தக் கடையில் போய் வாங்குவாள்?

கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் இவர். "அதுல மலை எறங்குனவன் எவனும் தானா ஏறி வந்ததில்லடா."

அன்று மதியமே அஸ்வந்த் ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டான். ஏழு பேர் உட்காரும் வண்டி அது. வாங்கி மூன்று வருஷமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதவன், நடுச் சீட்டை அடியோடு கழற்றினான், கடைசிச் சீட்டை மடக்கினான். இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்து, சக்கர மேட்டுக்குத் தகுந்தபடி பிளைவுட்டை வளைத்து அறுத்து, மேலே நாலு அங்குல மெத்தை போட்டான். ஓரத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஒரு வளையம். உருளாமல் இருக்க வயிற்றுக்கு ஒரு பெல்ட். ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "பெரீப்பா, இனி நீங்க வி.ஐ.பி." என்றான்.

தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. ஏற்ற வசதியாக இருந்ததால் தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்தார்கள். குன்னூர் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வண்டியின் மூக்கு கீழே போக, அவர் தலை தானாக உயர்ந்தது. பர்லியாறு வருவதற்குள் சாந்தாமணிக்கு ஒரு சத்தம் கேட்டது. குறட்டை! அவள் அஸ்வந்தின் தோளைத் தட்டினாள். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஹாரனே அடிக்காமல் வளைவு வளைவாக இறக்கினான். கல்லாறு சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, சீட்டெல்லாம் எங்க?" என்றார். முழித்துக்கொண்ட ஆறுமுகசாமி உள்ளேயிருந்து கையைத் தூக்கி, "சீட்டுக்குப் பதிலா நான் இருக்கறேனுங்க" என்றார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கினார்.

கோயமுத்தூரில் வைத்தியம் பார்த்துத் திரும்பி வரும்போது அதே மாதிரி படுக்க வைத்ததுதான் பிசகு. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தலை தாழ்ந்து, முகம் கறுத்து, மூச்சுக்குத் தவித்துவிட்டார். அஸ்வந்த் ஓரங்கட்டி, அவரை அப்படியே அள்ளித் திருப்பித் தலையை முன்பக்கம் வைத்தான். "இறங்கறப்ப தல பின்னால, ஏறறப்ப தல முன்னால. மலைக்காரனுக்கு இதுகூடத் தெரியலயே பெரீம்மா" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். அதற்குள் பெரியப்பா தூங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்தினால் மறுபடியும் அதே அவதி. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. சாந்தாமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. பெர்ன்ஹில்லிலிருந்து குந்தா மின்நிலையத்துக்கு முப்பத்தொரு வருஷம் ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்த உடம்பு அது. லவ்டேல் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அது கட்டிலை மறந்தாலும் வண்டியை மறக்குமா? அவள் சொன்னதும், அந்த வீட்டு முன்னால் இருந்த ஏற்றத்தில் மேட்டைப் பார்த்து அஸ்வந்த் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். "எத்தன நாள் வேணும்னாலும் நிக்கட்டுங்க. இப்ப சீசனும் இல்ல" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தே ஸ்டாண்டுக்குப் போனான். சீசன் இல்லாவிட்டாலும் வாடகைச் சவாரி உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

பதினோரு இரவு. பதினோரு இரவும் அவர் தூங்கினார்.

முன்சீட்டைச் சாய்த்துப் படுத்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பாள் சாந்தாமணி. அவள் தூங்க மாட்டாள். பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் அவளும் எப்படியோ கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. முன்கண்ணாடி அவள் மூச்சில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் தலைமாட்டு ஜன்னல் கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. அதன் வழியே ஈவ்லின் டீச்சர் வீட்டு ரோஜாச் செடி ஒவ்வொரு இலையாகத் தெரிந்தது.

தான் தூங்கிவிட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மயானத்துக்குப் போக வெள்ளை அமரர் ஊர்தியை அஸ்வந்தே வரவழைத்தான். "நம்ம வண்டி வேண்டாமுங்க பெரீம்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். மகன் இல்லாத வீடு. கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு வந்தபோது அவன் பின்வாங்கினான். ஜானகியம்மாளுக்குத்தான் கோபம் வந்தது. "எங்கடா நழுவற? தம்பி மவன் குத்துக்கல்லாட்ட நிக்கறப்ப வேற எவன் வெப்பான்? போய்க் குளிச்சுட்டு வா!"

ஆண்கள் போனபிறகு வீடு கழுவி, தலை முழுகி, பெண்கள் ஈரக் கூந்தலோடு அடுப்பங்கரையில் கூடினார்கள். ஜானகியம்மாள் சாந்தாமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்.

"சாந்தா, கடசியா அவன் தூங்குனானா?"

"தூங்குனாருங்க."

"போன்ல பேசறப்பல்லாம் அதத்தான் சொல்லி அழுவான். 'அக்கா, தூங்கி ஒரு மாசமாச்சு'ம்பான்."

"பதினோரு நாளுங்க நங்கையா. வாயத் தொறந்து வெச்சுட்டு, எச்சி ஒழுக ஒழுக. அப்படி ஒரு தூக்கம். காலைல எந்திரிச்சு, 'சாந்தா, பஸ்சு எந்த ஊர்ல நிக்குது'ன்னு கேப்பாரு."

ஜானகியம்மாள் சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்குவது அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தப் பையன நாலு பேருக்கு மத்தியில கண்டபடி பேசிப்புட்டனே. நீயே சொல்லிரு சாமி. நாஞ் சொல்லப் போனா அழுது தொலைச்சுருவேன்."

சொல்வது லேசாக இருந்தால் சாந்தாமணியே சொல்லியிருக்க மாட்டாளா? அவர்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அந்நியராக்கிவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து, சாம்பல் கரைத்து வந்தார்கள். மறுநாள் பதினோரு மணிக்கு அஸ்வந்த் ஸ்பானர் பையோடு வந்தான். அன்றைக்கென்று நல்ல வெயில். அவன் மெத்தை விரிப்பை உருவி மடித்து வைத்தான். பின்கதவைத் தூக்கிவிட்டுச் சட்டத்தின் போல்ட்டைத் தேடினான். சாந்தாமணி போய் அருகில் நின்றாள்.

"பலகையக் கழட்டிட்டு வண்டிய வெலைக்குக் குடுத்தறலாம்னு இருக்கறேன் பெரீம்மா."

"ஏங் கண்ணு?"

"ஸ்டாண்டுல பேரே வெச்சுட்டாங்க. சாவு வண்டியாமா. என்னயக் கேக்கற பார்ட்டிகிட்டயே சொல்லி விடறானுங்க." அவன் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவனுங்கள விடுங்க. எனக்கே ஏறி உக்காந்தா ஒரு மாதிரி இருக்குது. அத்தை சொன்னதுதான் நெசம். உள்ள கட்டில்லயே இருந்திருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருப்பாரோ என்னமோ. நான்தான் தேவையில்லாம..."

அவன் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினான்.

அவள் சொல்ல நினைத்ததெல்லாம் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்றுகூட வெளியே வரவில்லை. "அந்த விரிப்பக் குடு, தொவைக்கணும்" என்பதுதான் வந்தது. கையில் வாங்கிய விரிப்பை அவள் துவைக்கக் கொண்டுபோகவில்லை. உதறி மறுபடியும் மெத்தைமேல் விரித்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"என்ன பெரீம்மா பண்றீங்க?"

"கொஞ்சம் கால நீட்டிக்கறேன். நாலு நாளா கண்ணு மூடல."

"ஐயோ, இதுலயா? காரியம்கூட ஆவுலயே! அத்தை பாத்தா என்னயக் கொன்னுபோடும்."

"அத்தை ஒண்ணும் சொல்லாது. நகரு."

கைப்பிடியைப் பற்றி ஏறினாள். தலையை முன்பக்கம் வைத்து, பக்கவாட்டில் திரும்பி, சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். உடம்பு சரிவில் தானாக ஒரு இடம் பார்த்து அமர்ந்தது. கால்மாட்டில் நின்றவன் ஸ்பானரைப் பையில் போட்டான். பிறகு பின்கதவை இறக்கினான். அறையாமல், உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினான்.

வெளியே அவன் போன் அடித்தது. அவசரமாக எடுத்தான்.

"சொல்லுங்க... நாடுகாணிக்கா? எத்தன பேருங்க? ... இன்னிக்கு வராதுங்க. இல்லல்ல, ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. வண்டியில ஆளு தூங்கறாங்க." அவன் குரல் விலகி, சுவர்ப் பக்கம் போய்த் தணிந்தது. "நாளைக்குன்னா வர்றேனுங்க. காலைல ஆறு மணிக்கே வந்தர்றேன்."

அதற்குமேல் அவன் என்ன பேசினான் என்பது கண் சொருகிய சாந்தாமணிக்குக் கேட்கவில்லை.